ஜெராக்ஸில் வந்த அறுபது

மூன்று மணிக்குச் சரியாகச் சென்னியப்பன் சூடு அளக்கும் மீட்டரின் சுவிட்சைப் போட்டார், போட்ட கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பச்சை எழுத்து இரண்டு தடவை சிமிட்டிவிட்டு மைனஸ் பாயிண்ட் எட்டு இரண்டு என்று காட்டியது. பிளாஸ்கில் இருப்பது வெறும் ஐஸும் தண்ணீரும். நொறுக்கிய ஐஸும் நல்ல தண்ணீரும் சேர்ந்து ஊறினால் அங்கே பூஜ்யம் டிகிரிதான், அதில் ஆண்டவனுக்கே பேச்சில்லை; உடையாம்பாளையத்து மாடி அறையிலும் பூஜ்யம், பெங்களூர் லேபிலும் பூஜ்யம். அதற்குள் கம்பியை விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். இப்போது காட்டாது என்று அவருக்குத் தெரியும். இந்தப் பழைய பெட்டி உள்ளே சூடேறி நிதானத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை அது என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது என்பது பதினோரு வருஷமாக அவர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் சங்கதி. தூங்கி எழுந்தவனிடம் உடனே கணக்குக் கேக்காதீங்க, மூஞ்சி கழுவ விடுங்க என்பார், நர்ஸுகள் சிரிப்பார்கள். ஆக நான்கு மணிக்கு இது என்ன காட்டுகிறதோ அதுதான் பேச்சு. நான்கு மணிக்கும் இதே எட்டு இரண்டில் நின்றால் மீட்டர் கெட்டுப்போய்விட்டது, கெட்டுப்போன மீட்டரை நம்பி வேலை பார்த்த மனுஷன் என்ன செய்வான், அவரும் தப்பித்தார், அந்த நர்ஸ் பெண்ணும் தப்பித்தாள். பூஜ்யத்துக்கு ஏறி வந்துவிட்டால் மீட்டர் யோக்கியம். அப்புறம் இந்த அறையில் யோக்கியம் இல்லாதது யார் என்று தேடிப்போக வேண்டியதில்லை. கெட்டுப் போயிரு தாயே என்று சென்னியப்பன் மனசுக்குள் சொன்னார். தன் சொந்த மீட்டரிடம் ஒரு மெக்கானிக் இப்படி வேண்டிக்கொள்வான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலது முழங்கால் வழக்கம்போல ஒரு சத்தம் போட்டது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஜெபமலர் கூப்பிட்டாள். ஈச்சனாரிக்கு அக்கட்டால ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரி, அதில் அவள் நர்ஸ். சாத்தான்குளம் பக்கத்துப் பெண், ஆறேழு வருஷமாக இங்கே ஹாஸ்டலில் இருக்கிறாள். குறை மாசத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பில் போட்டு வைக்கிற வார்மர் அங்கே இரண்டு. வருஷத்துக்கு ஒருமுறை போய் அவற்றின் சூட்டைத் தன் மீட்டரோடு ஒத்துப் பார்த்து, பிசகு இருந்தால் திருத்தி, சர்டிபிகேட் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது சென்னியப்பனின் பிழைப்பு. "அண்ணே, கோகிலா பேபிக்குச் சூடு ஏறினது என்னாலதான்னு சொல்லுதாங்க. வயித்துல சென்சாரை நான் சரியா ஒட்டலையாம், அது தளந்து போயி மெஷின் சூட்டை ஏத்திருச்சாம். நான் ஒட்டினேன்ணே. ஒட்டி, மேல பஞ்சு வச்சு அமத்தினேன். இன்னைக்கு அஞ்சு மணிக்கு விசாரணை. மெஷின் சரின்னு உங்க பேப்பர் இருக்கு. பேப்பர் சரின்னா அப்பம் தப்பு என்மேலதான வருது, என்னண்ணே?" குற்றம் சாட்டவில்லை. புரியாத கணக்கைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பாக்கறேன் கண்ணு என்றார். அதற்குப் பிறகு ரசம் சோறு உள்ளே இறங்கவில்லை. கோகிலா பேபி; பெயர் வைக்காத குழந்தைக்கு அங்கே அம்மா பெயர்தான் பெயர். ஒன்றே முக்கால் கிலோ. மூன்று நாளும் காய்ச்சல் என்றே நினைத்து ரத்தம் எடுத்தார்கள், கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள், பால் கொடுக்காதே என்று தாயைத் தள்ளி நிற்கவைத்தார்கள். நான்காம் நாள் எதற்கோ பக்கத்து வார்மருக்கு மாற்றினார்கள், சாயங்காலத்துக்குள் காய்ச்சல் போய்விட்டது. அப்போது எல்லோரும் முதல் வார்மரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சர்டிபிகேட்டைப் பார்த்தார்கள். அப்புறம் ஜெபமலரைப் பார்த்தார்கள். குழந்தை வீட்டுக்குப் போய் நன்றாக இருக்கிறது, முதல் வார்மரை மூலையில் தள்ளித் துணி போட்டு மூடிவிட்டார்கள், மிச்சம் இருப்பது அந்தப் பெண்ணின் வேலை ஒன்றுதான். அதுவும் இன்று ஐந்து மணிக்குப் போய்விடும். சென்சார் ஒட்டத் தெரியாத நர்ஸ் என்று வெளியே அனுப்பினால் இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி அவளை உள்ளே விடும். இரண்டு மணிக்கு மேனேஜர் வரதராசுவும் கூப்பிட்டார். "மாஸ்டர், உங்க மீட்டர் கரெக்ட்டுங்களே? ஒண்ணுமில்ல, அது பூஜ்யம் காட்டற மாதிரி ஒரு போட்டோ அனுப்பிடுங்க, பைல்ல வெச்சுட்டா வேலை முடிஞ்சுது." முடிஞ்சுது என்று அவர் சொன்னது யாருடைய வேலை என்று சென்னியப்பன் கேட்கவில்லை.

மூன்று பத்துக்கு மைனஸ் பாயிண்ட் ஆறு ஏழு. ஏறுகிறது. ஏறட்டும், கொஞ்சம் ஏறித்தான் ஆகும், பாயிண்ட் நான்கிலோ ஐந்திலோ போய்ப் படுத்துக்கொண்டால் போதும். படுத்துக்கொள்ளும். வேலை பார்த்த மில்லை மூடிய வருஷம் வாங்கிய பெட்டி. ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்து எத்தனை பள்ளத்தில் இறக்கியிருப்பார், எத்தனை வேகத்தடை, மனுஷன் முழங்காலே தேய்ந்துபோய்விட்டது, இது மட்டும் தேயாதா. லேபின் ஸ்டிக்கர் செப்டம்பர் வரைக்கும் செல்லும் என்கிறது. ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளே கெட்டுப்போன மீட்டர்களை அவர் பார்த்திருக்கிறார். அப்புறம் வேறொரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் எழுந்தே விட்டார். தண்ணீர். உப்புத் தண்ணீரில் ஐஸ் வைத்திருந்தால் அது பூஜ்யத்தில் நிற்காது, கீழே போகும்; அப்படியானால் இந்தப் பிளாஸ்கே பொய், பிளாஸ்க் பொய் என்றால் நான்கு மணிக்கு என்ன காட்டினாலும் அதற்கு மதிப்பில்லை, இன்றைக்கு எதுவும் தெரியப்போவதில்லை, தெரியாத விஷயத்துக்கு யாரும் பொறுப்பாக முடியாது. மாடிப்படி உச்சியில் நின்று கீழே குரல் கொடுத்தார். "ஏம்புள்ள, ஐஸுக்கு எந்தத் தண்ணி புடிச்சே?" சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. "நல்ல தண்ணிதானுங்க. உப்புத் தண்ணியில யாராச்சும் ஐஸ் வெப்பாங்களா? உங்க ஐஸை அரைச்சு அரைச்சு மிக்ஸி பிளேடு மழுங்கிக் கெடக்குது, அதைக் கேக்க ஆளைக் காணோம்." சரி சரி என்று திரும்பினார். ஐஸ் வைக்கிற அந்த நீல டிரேயில் சிறுவாணிக் குடிதண்ணீரைத் தவிர வேறெதையும் விடாதே என்று அவளிடம் சொல்லிவைத்தது இவரேதான், பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை. ஒரு நாள்கூட அவள் தவறியதில்லை போலிருக்கிறது. இன்றைக்குப் பார்த்தாவது மறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று மனைவி பூங்கொடிமேல் அவருக்கு எரிச்சலாக வந்தது, எரிச்சல் வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது, இரண்டுமே சலிப்பாக முடிந்தது.

இது மகளின் அறையாக இருந்தது. கல்யாணமாகி ஓசூர் போனபிறகு பீரோவை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காலி பண்ணி மேஜை போட்டார்; பீரோக் கதவில் அவள் பள்ளிக்கூட நாளில் ஒட்டிய பூனைப் படம் இன்னும் இருக்கிறது, அதற்குள்தான் சர்டிபிகேட் நகல் கட்டுகள். ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி நகலை எடுத்து மீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வார்மர் ஒன்று: பாயிண்ட் எட்டு கூடுதலாகக் காட்டியது, திருத்தப்பட்டது. வார்மர் இரண்டு: பாயிண்ட் ஒன்று கூடுதல், திருத்தம் தேவையில்லை. பாயிண்ட் எட்டு. அதைப் பார்த்தபோதே புத்தி முழித்திருக்க வேண்டும், பாயிண்ட் ஒன்று இரண்டுக்கு மேல் அந்த வார்மர்கள் எந்த வருஷமும் போனதில்லை. வார்மர் கூடுதலாகக் காட்டவில்லை, தூக்கம் தெளியாத மீட்டர் குறைவாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், சரியாக இருந்த வார்மரைக் கெடுத்துவிட்டுக் கையெழுத்தும் போட்டு வந்திருக்கிறார். முப்பத்தாறரை என்று அது எழுதிக் காட்டும், குழந்தை முப்பத்தேழேகாலுக்கு மேலே கிடக்கும். ஆனால் தூக்கம் தெளியவிடாமல் அதை எடுத்திருந்தால்தானே. மேலே, தேதிக்கு அடுத்த கட்டத்தில் தெளிவாக இருக்கிறது: மீட்டர் சூடேற விட்ட நேரம், 60 நிமிடம். அட, எழுதியிருக்கிறேனே. செய்யாததை எழுதுகிற ஆளா நான். ஆறின் வயிறு ஒரு பக்கம் நசுங்கி, பூஜ்யத்தின் தலையில் சின்னதாக ஒரு வால். எதற்கும் இருக்கட்டும் என்று போன வருஷ நகலை எடுத்தார். ஆறின் வயிறு நசுங்கியிருந்தது, பூஜ்யத்தின் தலையில் வால் இருந்தது. பல்லடம் ஆஸ்பத்திரி, சூலூர் ஆஸ்பத்திரி, நாலு வருஷத்துக்கு முந்தியது, ஏழு வருஷத்துக்கு முந்தியது, எல்லாவற்றிலும் அதே வால். ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடத் தப்பு, எப்போதும் தெரிந்ததுதான், திரும்பிப் பார்க்காமல் வைத்திருந்தார்: எங்கே போனாலும் அறுபது நிமிடம்தானே, தடவைக்குத் தடவை எதற்கு எழுதிக்கொண்டு என்று முதல் வருஷமே அந்த ஒரு கட்டத்தை மட்டும் பேனாவால் நிரப்பி, கணபதி பஸ் ஸ்டாப் கடையில் இருநூறு ஜெராக்ஸ் எடுத்தார். தீரத் தீர மறுபடி எடுத்தார். அந்த அறுபதை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார். எழுதிய அன்றைக்கு அது நிஜமான அறுபது. அதற்குப் பிறகு அறுபது சொன்னதெல்லாம் ஜெராக்ஸ் மெஷின், இவர் கீழே கையெழுத்து மட்டும் போட்டார்.

மூன்று இருபத்தைந்து, மைனஸ் பாயிண்ட் மூன்று எட்டு. ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், குறைந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஜெராக்ஸ் எப்படியோ போகட்டும், அதற்காக அன்றைக்கு உட்காரவில்லை என்று ஆகிவிடுமா. உட்கார்ந்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி நடையில், குழந்தைகள் வார்டுக்குத் திரும்புகிற இடத்தில், நீலப் பெயிண்ட் அடித்த பெஞ்சு. காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், முழங்காலுக்கு அது இதமாக இருந்தது, உள்ளே ஏதோ ஒரு குழந்தை விட்டு விட்டு அழுதது, ஜெபமலர் பிளாஸ்க் மூடியில் டீ கொண்டுவந்தாள், சீனி கம்மியாத்தான் போட்டிருக்கு அண்ணே என்றாள், நான்கூட, எனக்கு இன்னும் சர்க்கரை வரலை கண்ணு, அள்ளிப் போடு என்றேன், அவள் சிரித்தாள். டீ குடித்தேன், சாய்ந்தேன், கண்ணை ஒரு சொக்குச் சொக்கியது, எழுந்தபோது மணி ஆகியிருந்தது. எவ்வளவு தெளிவாக இருக்கிறது, டீயின் சூடு கையில் இருக்கிறது. டீ குடித்தேன் என்றால் உட்கார்ந்தேன், உட்கார்ந்தேன் என்றால் அறுபது. சென்னியப்பன் அந்த நடையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்துகொண்டார். திரும்பி வார்டுக்குள் போகும்போது பக்கத்தில் அந்த மீன் தொட்டி, அதில் பூசணிப் பூ நிறத்தில் கொழுகொழுவென்று ஒரு மீன், குழந்தைகளுக்காகப் புதிதாக வைத்திருக்கிறார்கள், குனிந்து கண்ணாடியில் விரலால் தட்டினார், அது ஏனென்று கேட்காமல் திரும்பிப் போயிற்று. மீன் தொட்டி எங்கே இருந்தது. நடையில். நடையில் எங்கே. வார்டுக்குத் திரும்புகிற இடத்தில். அங்கே பெஞ்சு அல்லவா இருந்தது.

பூங்கொடி டீயோடு மேலே வந்தாள். டீயைப் பார்த்ததும் இவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனதை அவள் கவனித்தாள், முப்பது வருஷத்தில் கவனிக்காமல் விட்டது குறைவு. "அந்த நர்ஸ்ப் புள்ள மறுக்காக் கூப்பிட்டுச்சுங்களா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினார். "உங்க மேல ஒண்ணும் இல்லீங்களே?" டம்ளர் சுட்டது, கை மாற்றிப் பிடித்தார். "நாலு மணிக்குச் சொல்றேன்." "அதென்னுங்க, தப்புக்குக்கூட நேரங்காலம் இருக்குதா" என்றவள் பதிலுக்கு நிற்காமல் பிளாஸ்கை எட்டிப் பார்த்து, ஐஸ் கரையுது, இன்னுங் கொஞ்சம் போடட்டுமா என்றாள், வேண்டாம் என்றதும் இறங்கிப் போனாள். படி ஒவ்வொன்றிலும் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பெஞ்சும் மீன் தொட்டியும் ஒரே இடத்தில் இருக்க முடியாது. ஒன்று போன வருஷம், ஒன்று இந்த வருஷம். மீன் தொட்டி புதிது, அதனால் இந்த வருஷம் பெஞ்சு இல்லை, பெஞ்சு இல்லையென்றால் எங்கே உட்கார்ந்தேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேனா. வேறு பெஞ்சு இருந்திருக்கும். நர்ஸுகள் அறையில் நாற்காலி இருந்திருக்கும். தேடினார், அந்த நாளுக்குள் போய் ஒவ்வொரு அறையாகத் தேடினார். ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை, டீயும் கிடைக்கவில்லை, கிடைத்தது மீன் ஒன்றுதான். மீனைத் தட்டியபோது மற்ற கையில் மீட்டர்ப் பை இருந்தது. பை கையில் இருந்தது என்றால் அப்போதுதான் உள்ளே போகிறார். அல்லது வெளியே வருகிறார். எதுவாக இருந்தாலும் அந்த நாளின் முன்னும் பின்னும் கழன்றுபோய் நடுவில் அந்த மீன் மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மூன்று முப்பத்தெட்டுக்குக் கரண்டு போயிற்று. தலைக்கு மேலே மின்விசிறி சோம்பிச் சுற்றி நின்றது, வெளியே ஆனிக் காற்று தென்னை மட்டையை இழுத்துப் போட்டது, எங்கோ ஒயர் உரசியிருக்கும். சென்னியப்பனுக்கு உள்ளே ஒரு சந்தோஷம் குதித்தது, மறைக்காமல் சொன்னால் சந்தோஷம்தான். மீட்டர் அணைந்தால், கரண்டு திரும்பி வந்த பிறகு ஒரு மணி நேரமும் முதலில் இருந்து. நான்கு மணி என்பது ஐந்து ஆகிவிடும், ஐந்து மணிக்கு அங்கே எல்லாம் முடிந்திருக்கும், கரண்டு போனால் நான் என்ன பண்ணட்டும். நிமிர்ந்து பார்த்தார். பச்சை எழுத்து அசையாமல் எரிந்தது. மைனஸ் பாயிண்ட் ஒன்று ஏழு. மேஜையில் உள்ள எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் போட்டது அவரேதான், நடுவில் கரண்டு போய் ஒரு மணி நேரம் வீணாகக் கூடாது என்று, அவ்வளவு ஒழுங்கான மனுஷன். டீ ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது, அதை விரலால் ஒதுக்கிக் குடித்தார். ஒழுங்கு எல்லாம் இந்த அறைக்குள் இருக்கிறது. இங்கே யாரும் பார்ப்பதில்லை, இங்கே அறுபதுக்கு ஒரு நிமிடம் குறைந்ததில்லை.

அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன். ஒரு காரணம் இருந்தால் நன்றாக இருக்கும். உடம்பு சரியில்லை என்று இருக்கலாம், இல்லை, காய்ச்சல் வந்தது மார்ச்சில். மகள் அவசரமாகக் கூப்பிட்டாள் என்று இருக்கலாம், கூப்பிடவில்லை. அடுத்த ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று இருக்கலாம், அன்றைக்கு அடுத்த ஆஸ்பத்திரியே இல்லை, இரண்டு வார்மரையும் முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார், பூங்கொடி என்னுங்க அதுக்குள்ள என்று கேட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு புரட்டினாலும் கிடைத்தது அலுப்பு ஒன்றுதான். சித்திரை வெயிலில் சிங்காநல்லூர் சிக்னலில் நின்று போய்ச் சேர்ந்து, பிளக்கைச் சொருகி, இனிமேல் ஒரு மணி நேரம் என்று நினைத்தபோது உடம்பு முடியாது என்றது. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரி நடைகளில் மீட்டரோடு காத்துக் கிடந்தது மொத்தமும் அந்த நிமிடத்தில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது, உட்காரப் பெஞ்சும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள், சும்மா ஒரு நாள். எடுத்தவுடன் முதல் வார்மர், பாயிண்ட் எட்டு, திருத்து. அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடி மீட்டர் தன்னால் சூடேறியிருக்கும், அதனால்தான் இரண்டாவது வார்மர் சரியாக இருந்தது, கோகிலாவின் பேபி அதில் போய்ப் பிழைத்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது, பிரிக்க இடமில்லை. அன்றைக்கு மட்டும்தானா என்ற கேள்வி அதற்குப் பின்னால் மெதுவாக வந்து நின்றது. பல்லடத்தில் ஒரு மழை நாள், இருபது நிமிடமோ என்னவோ. சூலூரில் ஒருமுறை. அவற்றில் எல்லாம் அதே வால் வைத்த அறுபது.

மூன்று ஐம்பத்திரண்டு, மைனஸ் பாயிண்ட் பூஜ்யம் மூன்று. கரண்டு வந்து மின்விசிறி மறுபடி கிளம்பியது. இனி சந்தேகமில்லை, ஆனாலும் உட்கார்ந்திருந்தார், நேரத்துக்கு முன்னால் எழுந்திருக்க இன்றைக்கு அவருக்குத் துணிச்சல் இல்லை. இதில் ஒரு வேடிக்கை இருந்தது. இந்தப் பூஜ்யத்தைத்தான் வரதராசு போட்டோ கேட்கிறார். நான்கு மணிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினால் அதில் ஒரு எழுத்துப் பொய் கிடையாது. மீட்டர் சரி, சர்டிபிகேட் சரி, சென்னியப்பன் மாஸ்டர் சரி, தப்பு அந்தப் பெண்ணுடையது. எடுத்தவுடன் மீட்டர் என்ன காட்டியது, முதல் கால் மணியில் எங்கே நின்றது என்று கேட்க அங்கே யாருக்கும் தெரியாது. ஜெபமலருக்கே தெரியாது. உலகத்தில் இவர் ஒருவருக்குத் தெரியும், இவர் வாயைத் திறக்காவிட்டால் நாளைக்கும் பல்லடம் உண்டு, சூலூர் உண்டு, மாஸ்டர் வாங்க என்று நாற்காலி போடுவார்கள். திறந்தால் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஐம்பத்தாறு வயதில் இதை விட்டால் வேறென்ன தெரியும். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட அசதி அதிகமாக இருந்தது, அவள் ஐந்து மணிக்கு அந்த அறைக்குள் தனியாகப் போய் நிற்பதையும், ஒட்டினேன் சார் என்று திரும்பத் திரும்பச் சொல்வதையும், இனி எந்த ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்தாலும் தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிவரும் என்று நினைத்தபோது வந்த அசதி. நான்கு மணிக்கு மீட்டர் பூஜ்யம் காட்டியது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம், ஒரு சிமிட்டல்கூட இல்லை. நல்ல மீட்டர். கை தன்பாட்டில் செல்போனை எடுத்துக் கேமராவைத் திறந்தது, பச்சைப் பூஜ்யங்கள் திரையில் அழகாக விழுந்தன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் செல்போனை மேஜைமேல் கவிழ்த்தார்.

மாடிப்படி உச்சிக்குப் போனார். "பூங்கொடி, டிரேயில மிச்ச ஐஸ் இருக்குதா? இருக்கறதை எல்லாம் அரைச்சுக் குடு." கீழே அவள் வந்து அண்ணாந்து பார்த்தாள். "நாலு மணி ஆச்சுங்களே" என்றாள். "ஆச்சு. என்மேலதான்." அவள் உள்ளே போனாள், மிக்ஸி ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்திலேயே ஜெபமலரைக் கூப்பிட்டார், அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். "கண்ணு, அன்னைக்கு நான் எவ்வளவு நேரம் இருந்தேன்னு ஞாபகம் இருக்குதா?" "அன்னைக்கா. வந்ததும் வேலையை ஆரம்பிச்சிட்டியளே அண்ணே. டீ சொல்லட்டான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டிய. போன வருசம்தான் பெஞ்சில சாஞ்சு கொஞ்சம் தூங்குனிய." "இதை அங்க யார்கிட்டயாச்சும் சொன்னியா?" "எதைண்ணே?" "நான் டீ குடிக்கலைங்கறதை." அவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. "அதைப் போயி விசாரணையில என்னன்னு சொல்லுதது?" சென்னியப்பன் தோளில் செல்போனை இடுக்கிக்கொண்டு குனிந்து மீட்டரின் பிளக்கைப் பிடுங்கினார். பச்சை எழுத்து போயிற்று. "நான் சொல்றேன். மீட்டரு, ஐஸு எல்லாம் எடுத்துட்டு இப்பக் கெளம்பறேன். சுவிட்சைப் போட்டதுல இருந்து அவங்க எல்லாத்தையும் உக்கார வெச்சுக் காட்டோணும். நான் வர்ற வரைக்கும் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்றாதே, கேட்டுதா?" "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" மீட்டரைப் பைக்குள் இறக்கினார், பெட்டி இன்னும் கதகதப்பாக இருந்தது, ஈச்சனாரி போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். "ரொம்ப நேரம் ஆகுமாண்ணே?" என்று கேட்டாள். "ஒரு மணி நேரம் கண்ணு. கொறைக்க முடியாது." "அப்பம் டீ சொல்லிரட்டா?" "சொல்லு" என்றார் சென்னியப்பன். "இன்னைக்குக் குடிக்கறேன்."